புதிர் எடுக்கும் நாள்

புது நெல்லின் முதல் கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து படைப்பதே புதிர் எடுத்தல். தைப்பூசத்தில் புதிர் எடுக்கும்போது வயலும் அடுப்பும் அயலும் சுவாமிக்கு முன்னால் ஒன்றுசேரும். இலங்கையின் வன்னியிலுள்ள இரணைமடு, முத்தையன்கட்டுக் குளத்து நீரில் விளைந்த காலபோக (பெரும்போக) நெல் முற்றுகிற நாட்கள் இவை.

காலையில் தலைமுழுகி, கற்பூரமும் தேங்காயும் அரிவாளும் கொண்டு வயலுக்குப் போங்கள். சூரியனைக் கும்பிட்டு, கிழக்கு முகமாக நின்று ஒரு பிடி கதிர் அரியுங்கள். அடிமணிவரை பழுத்த கதிராகப் பாருங்கள். முற்றாத பால்மணி குத்தினால் நொறுங்கிப் போகும். கதிரைச் சுவாமிப் படத்தடியில் வைத்து, அதில் சில மணிகளை உமி நீக்கிப் பொங்கலில் சேர்த்தால் போதும். மிச்சம் பழைய அரிசியாக இருப்பதில் குறையேதுமில்லை.

பொங்கலுக்குப் பச்சையரிசி 500 கிராம், வறுத்த பயறு 100 கிராம், சர்க்கரை 400 கிராம், ஒரு தேங்காயின் பால். முழுவதும் புது அரிசி என்றால் தண்ணீரைக் குறையுங்கள், இல்லாவிட்டால் களியாகிவிடும். பலருக்குப் பிழைப்பது சர்க்கரையில்தான். அரிசி விரலில் நசிந்த பிறகே போடுங்கள். முந்திப் போட்டால் எவ்வளவு எரித்தாலும் நடு அரிசி விறைத்தே நிற்கும்.

படைத்து, தேவாரம் பாடி முடித்ததும், அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, கைகொடுப்பவர்களுக்கு முதலில் கொடுங்கள். கடவுள் தந்ததென்று மனதார நம்புகிற வீட்டில் அந்தப் பங்கு மறக்கப்படாது. வெள்ளம் வயலைக் கொண்டுபோன வருடத்தில் புதிரை விட்டுவிடாதீர்கள். அயல் வயலில் ஒரு பிடி கதிர் கேளுங்கள், தருவார்கள்.