முறுக்குக் கடைக்கு இணையத்தளம்: என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தையில் பல வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். அப்படி முறுக்கு சுட்டு விற்கும் அக்காள் ஒருவர் போன ஆண்டு என்னிடம் வந்தார். “தளம் தயார் தம்பி, எழுத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக் கொடு” என்றார். திறந்து பார்த்தேன். முகப்பில் கொட்டை எழுத்தில், “தங்களை அன்புடன் வரவேற்கிறோம். தரமே எங்கள் தாரக மந்திரம்.” அந்தப் பக்கம் முழுக்கத் தேடினாலும் முறுக்கு என்ற சொல் இல்லை. டயர் கடைக்கும் தையல் கடைக்கும் அதே வரியை அப்படியே ஒட்டலாம்.

இரண்டு மாலைகள் உட்கார்ந்து மாற்றி எழுதினோம். செய்த வரிசையிலேயே சொல்கிறேன். நீங்கள் விற்பது மாலையாகவோ மசாலாத்தூளாகவோ இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

முதல் வேலை: புலனத்தை (வாட்ஸ்அப்) திறவுங்கள்

எழுத உட்காராதீர்கள். கைத்தொலைபேசியை எடுத்து, கடந்த பண்டிகைக்கு வந்த புலனச் செய்திகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். அதே கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு.

அக்காளின் தாளில் விழுந்தவை இவை: ஒரு போத்தலில் எத்தனை முறுக்கு? காரமா, பிள்ளைகள் தின்பார்களா? என்ன எண்ணெய்? ரவாங்குக்கு அனுப்புவீர்களா? அஞ்சலில் போனால் உடையாதா? எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்? எந்தத் தேதிவரை ஆர்டர் எடுப்பீர்கள்?

விலைக்குத்தான் அதிகக் கோடு விழும் என்று நினைத்திருந்தேன். ‘உடையாதா’ என்பது அதை முந்திவிட்டது. தாரக மந்திரம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தத் தாள்தான் உங்கள் தளம். இனி செய்யப்போவது பதில்களை எழுதி அடுக்குவது மட்டுமே.

இரண்டாவது: முதல் வரி

என்ன விற்கிறீர்கள், எங்கே இருக்கிறீர்கள், எப்படிக் கிடைக்கும். இந்த மூன்றும் கைத்தொலைபேசித் திரையை நகர்த்தாமலே தெரிய வேண்டும். நாங்கள் எழுதியது:

“முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு. பெஸ்தாரி ஜெயாவில் வீட்டிலேயே சுட்டு, தீபகற்பம் முழுவதும் அனுப்புகிறோம்.”

ஊர்ப் பெயரில் ஒரு சிக்கல் இருந்தது. 2007இல் எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. ஆனால் இங்கே பிறந்து கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் போனவர்கள் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். கூகளிலும் அப்படித்தான் தேடுவார்கள். அதனால் முதல் வரியில் புதிய பெயரும், முகவரிப் பகுதியில் “பழைய பத்தாங் பெர்ஜுந்தை” என்றும் வைத்தோம். பொருளின் பெயருக்கும் இதே கணக்குத்தான். மலாய்க்காரர்கள் ‘மாருக்கு’ என்றும் எழுதுவார்கள். மலாய்ப் பக்கத்தில் அந்தச் சொல்லும் ஓரிடத்தில் இருக்கட்டும். ஒரே சொல்லை இருபது தடவை திணிக்க வேண்டாம், படிப்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

மூன்றாவது: அடைமொழியை எடுத்துவிட்டு அளவைப் போடுங்கள்

‘சுவையான’, ‘தரமான’, ‘மொறுமொறுப்பான’ ஆகிய சொற்கள் வருமிடத்தில் எல்லாம் பேனாவால் அடியுங்கள். பிறகு, அந்தச் சொல்லை ஏன் எழுதினோம் என்று உங்களையே கேளுங்கள். அக்காளைக் கேட்டேன். “தேங்காய்ப்பால் விட்டுப் பிசைவேன், அதனால்தான் அப்படி வாயில் கரையும்” என்றார். அதை ஏன் எழுதவில்லை என்றால், “அது எல்லாரும் செய்வதுதானே” என்கிறார்! எல்லாரும் செய்வதில்லை. செய்தாலும் எல்லாரும் சொல்வதில்லை.

“சுவையான முறுக்கு, நியாயமான விலையில்” என்று இருந்தது இப்படி ஆனது:

“தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவு. சிவப்பு மூடி போட்ட போத்தலில் 50 முறுக்கு, 22 வெள்ளி. காரம் இல்லை, காரம் வேண்டுமென்றால் சொல்லுங்கள். அஞ்சலில் அனுப்பும் போத்தலைக் குமிழித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றுகிறோம். பத்துக்கு மேல் உடைந்திருந்தால் படம் அனுப்புங்கள், வேறு போத்தல் வரும்.”

கடைசி வாக்கியத்துக்கு அக்காள் தயங்கினார். நிறைவேற்ற முடியாத வாக்கை எழுதக் கூடாது என்பது சரிதான். ஆனால் போன ஆண்டு எத்தனை போத்தலுக்குப் புகார் வந்தது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தபின் அவரே சம்மதித்தார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இறைச்சியே சேர்ப்பதில்லையே, ‘ஹலால்’ என்று போட்டுவிடலாமா என்று கேட்டார். கூடாது. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்பு ஆணையின்படி, மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் போன்ற அதிகாரம் பெற்ற அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் உணவை ஹலால் என்று குறிப்பிட முடியாது. அதற்குப் பதிலாகப் போட்ட பொருள்களை எல்லாம் வரிசையாக எழுதிவிடுங்கள்: அரிசிமாவு, உளுந்துமாவு, தேங்காய்ப்பால், ஓமம், எள், உப்பு, செம்பனை எண்ணெய் (பாமாயில்).

நான்காவது: ‘எங்களைப் பற்றி’

பலரும் சறுக்குவது இங்கேதான். தொலைநோக்கு, குறிக்கோள் என்று பெரிய நிறுவனம்போல் எழுதுவார்கள். அக்காளுக்கோ வேறு கூச்சம். “தோட்டம், லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) என்றெல்லாம் போட்டால் குறைவாக நினைக்க மாட்டார்களா?” என்றார். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள், அக்கா, என்றேன். அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன்:

“என் அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினார். எங்கள் லயத்தில் ஏழு வீட்டுக்கும் சேர்த்து ஒரே முறுக்கு உரல். தீபாவளி வாரத்தில் அது வீடு வீடாகப் போய்வரும். அந்த உரல் இப்போது என்னிடம் இருக்கிறது. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனையை முதன்முதலில் நட்டது எங்கள் ஊர்த் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். எங்கள் முறுக்கும் செம்பனை எண்ணெயில்தான் சுடப்படுகிறது.”

‘என்ன எண்ணெய்?’ என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. உங்களுக்கு உரல் இல்லாமல் இருக்கலாம். தையல் இயந்திரமோ பழைய கணக்குப் புத்தகமோ இருக்கும். கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்தாவது: மொழியும் சட்டமும்

தமிழில் எழுதியதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு மலாயாக்கி அப்படியே ஒட்டாதீர்கள். மலாய் பேசும் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளுக்கு மலாயிலேயே ஐந்தாறு வரி எழுதினால் போதும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாளிடம் ஒருமுறை காட்டுங்கள். உரல் கதை அங்கே தேவைப்படாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் கீழ் இணைய விற்பனைக்கு விதிகள் உண்டு. வணிகப் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் விவரம், அனுப்பும் செலவு உட்பட முழு விலை, பணம் கட்டும் முறை, நிபந்தனைகள், எப்போது வந்து சேரும் என்பது, இத்தனையும் தளத்தில் இருக்க வேண்டும். தாளில் இருக்கும் கேள்விகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாதி ஏற்கெனவே எழுதியாகிவிட்டது.

ஆறாவது: பொத்தான்

‘மேலும் அறிய’ வேண்டாம். “புலனத்தில் ஆர்டர் செய்ய” என்று எழுதுங்கள். இணைப்பில் எண்ணைப் போடும்போது முதல் சுழியத்தை எடுத்துவிட்டு, முன்னால் 60 சேர்க்க வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி எதுவும் கூடாது. அக்காளின் பழைய தளத்தில் 01 என்று தொடங்கிய இணைப்பு திறக்கவே இல்லை. எத்தனை ஆர்டர் அப்படிப் போனதோ!

எல்லாம் முடிந்ததும் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கடை வாசலில் நிற்பவரிடம் சொல்ல மாட்டீர்கள் என்று தோன்றும் வரியை எடுத்துவிடுங்கள். பிறகு முறுக்கு வாங்காத ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்து, ஒரு போத்தல் ரவாங்குக்கு வந்து சேர எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் இருங்கள்.

புதிய தளம் வெளியான அன்று மாலை அக்காளுக்கு வந்த முதல் செய்தி: “அக்கா, அஞ்சலில் உடையாதா?” குமிழித்தாள் வரியை விலைக்கு மேலே ஏற்றினோம்.