கருவிழி ஸ்கேனுக்குப் போகும் முன்

என் மகனுக்குப் பத்தாம் வகுப்பில் ஒரே வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றினோம். ஒவ்வொரு முறையும் ஏறியது சிலிண்டர் பவர்தான், அதாவது கண்ணின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர். "வளர்ற பையன் சார், ஏறத்தான் செய்யும்" என்றார் கடைக்காரர். நானும் நம்பிவிட்டேன். ஒருநாள் ராத்திரி பைக்கில் வரும்போது பின்னாலிருந்து கேட்டான்: "அப்பா, நிலா ஏன் மூணு நாலா தெரியுது?" மறுநாளே கண் மருத்துவமனை. கெரட்டோகோனஸ். கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் உள்ள தெளிவான படலம், மெலிந்து கூம்பாகப் பிதுங்குகிற நோய்; பெரும்பாலும் இந்த வயதில்தான் தொடங்கும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளிக்கு வால் முளைத்தாலோ இரண்டு மூன்றாகத் தெரிந்தாலோ டாக்டரிடம் போக அது போதும். நோயை உறுதி செய்ய அது போதாது.

அங்கே எழுத்துப் பலகையைப் படிக்கவைத்ததோடு அனுப்பப் பார்த்தால், "கருவிழி டோப்போகிராஃபி எடுக்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள். கருவிழியின் வளைவை வண்ண வரைபடமாகக் காட்டும் ஸ்கேன் அது. வளையங்களைக் கருவிழியில் பிரதிபலிக்கவைத்துப் பார்க்கும் கருவி முன்பக்கத்தை மட்டும் அளக்கும். பென்டாகாம் மாதிரியான கருவிகள் பின்பக்கத்தையும் தடிமனையும் சேர்த்து அளக்கும். ஆரம்பக் கோளாறு பின்பக்கத்தில் முதலில் தெரியலாம் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் முன்கூட்டியே நிறுத்த வேண்டும்: மென்மையானது என்றால் சுமார் ஒரு வாரம், கெட்டியானது என்றால் இரண்டு மூன்று வாரம், சரியான கணக்கை டாக்டரிடம் கேளுங்கள். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்தும், கருவிழியைத் தொட்டுப் பார்க்கும் கண் அழுத்தப் பரிசோதனையும் ஸ்கேனுக்குப் பிறகுதான். முதல் தடவை எங்களுக்குச் சொட்டு மருந்து போட்டுவிட்டார்கள். இன்னொரு நாள் திரும்பப் போனோம்.

ஸ்கேன் இரண்டு விநாடிதான். ஆனால் இமை மறைத்ததால் மூன்று முறை வீணானது. "தம்பி, ரெண்டு தடவை சிமிட்டு. இப்ப நல்லா முழி, மூச்சை விடாதே" என்றார் ஸ்கேன் எடுத்த பெண். நான்காவதில் வந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் சிவப்பைப் பார்த்துப் பதறாதீர்கள். வண்ண அளவுகோலை மாற்றினால் படமே மாறும். கேமேக்ஸ் (கருவிழி மிக அதிகமாக வளைந்த இடத்தின் அளவு), மிக மெல்லிய இடத்தின் தடிமன், இந்த இரண்டு எண்களைப் பாருங்கள். வளைவை டயாப்டரிலும், தடிமனை மைக்ரானிலும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்வார்கள். சாதாரணக் கருவிழியின் சராசரி வளைவு 43, 44 டயாப்டர், நடுத்தடிமன் 540 மைக்ரான் வாக்கில் இருக்கும். என் மகனுக்கு கேமேக்ஸ் 51.2, மெல்லிய இடம் 462. ஆறு மாதம் கழித்து அதே இயந்திரத்தில் 52.6. ஒரு டயாப்டருக்கு மேல் ஏறியதால்தான் கிராஸ்லிங்கிங், அதாவது கருவிழியை இறுக்கி நோய் மேலும் ஏறாமல் தடுக்கும் சிகிச்சை, செய்ய முடிவானது. வழக்கமான முறைக்கு 400 மைக்ரான் தடிமனாவது தேவை; கருவிழி இன்னும் மெலியலாம் என்பதால் தள்ளிப்போடவும் முடியாது. பழைய அச்சுப்பிரதி கையில் இல்லையென்றால் ஏறியது தெரிந்தே இருக்காது. ஜெராக்ஸில் வண்ணம் போய்விடும். அசலையே கோப்பில் போடுங்கள்.

அவன் தங்கைக்கும் எடுத்தோம். கோணல் இல்லை. ஆனால் அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறாள். கசக்குவது ஆகாது என்று டாக்டர் சொட்டு மருந்து எழுதித் தந்தார். அடுத்த வருடம் அவளுக்கும் அதே இயந்திரத்தில் எடுக்க வேண்டும்.