திருகோணமலைப் புகையிரதம் தாமதிக்கும்போது: எங்கே, ஏன், அப்போது என்ன செய்யலாம்

திருகோணமலை நிலையத்தில் வண்டிக்காகக் காத்து நிற்பவர் நிலைய அதிபரிடம் வழக்கமாகக் கேட்பது "எத்தனை மணிக்கு வரும்?" என்பதாகும். "வண்டி இப்போது எந்த நிலையத்தைக் கடந்திருக்கிறது?" என்று கேட்பதே அதைவிடப் பயன் தரும். வருகை நேரம் என்பது ஓர் ஊகம். ஒவ்வொரு நிலையத்திலும் அது மாறிக்கொண்டே இருக்கும். வண்டி நிற்கும் இடம் தெரிந்தாலோ, தாமதத்தின் காரணத்தையும், அது இன்னும் வளருமா என்பதையும், நாம் காத்திருக்கலாமா அல்லது பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டுமா என்பதையும் பெரும்பாலும் நாமே முடிவு செய்துகொள்ளலாம். அந்த முடிவுக்கு வேண்டிய விளக்கத்தைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து திருகோணமலை வரையிலான இருப்புப்பாதை ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளமானது. பொல்காவலை வரை இரட்டைப் பாதை உண்டு. அங்கிருந்து வடக்கே பிரியும் பாதையில் குருநாகலும் மாகோவும் வருகின்றன; மாகோவில் யாழ்ப்பாணப் பாதை ஒருபுறமும், நமது பாதை கிழக்கு நோக்கி மறுபுறமும் பிரிகின்றன. பின்னர் கெக்கிராவை, ஹபரணை ஆகியவற்றைத் தாண்டிக் கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை விலகிச் செல்ல, 1927 இல் திறக்கப்பட்ட கிளைப்பாதை கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா வழியாக நம்மிடம் வந்து சேருகின்றது. பொல்காவலையைக் கடந்த பின் ஒற்றைத் தண்டவாளத்தையே வண்டி நம்பியிருக்கிறது என்பதுதான் தாமதத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல்.

ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே இருக்கலாம். அந்தப் பகுதிக்குரிய அனுமதியை, பழைய முறையில் சொல்வதானால் "டெப்லட்" எனப்படும் வில்லையை, நிலையத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே சாரதி வண்டியை முன்னெடுப்பார். எதிரே வரும் வண்டிக்கு வழிவிட வேண்டுமானால், இரண்டாவது தண்டவாளம் உள்ள ஒரு நிலையத்தில்தான் அது நிகழ முடியும். எடுத்துக்காட்டாக, மட்டக்களப்பிலிருந்து வரும் வண்டி இருபது நிமிடம் பிந்தினால், அதற்கு வழிவிட வேண்டிய நமது வண்டி, தன்னிடம் எந்தக் குறையும் இல்லாதபோதிலும், அந்த இருபது நிமிடங்களைத் தானும் இழக்கிறது. அடுத்த நிலையத்தில் தனக்காகக் காத்திருக்கும் மூன்றாவது வண்டிக்கும் அதைக் கடத்திவிடுகிறது. சீனக்குடா மா ஆலையிலிருந்து மா ஏற்றிச் செல்லும் வண்டிகள், எரிபொருள் வண்டிகள் ஆகியனவும் இதே தண்டவாளத்தையே பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே "கடவைக்காக நிற்கிறது", அதாவது எதிர் வண்டிக்கு வழிவிட நிற்கிறது, என்று நிலையத்தில் சொன்னால் எதிர் வண்டி எங்கே வருகிறது என்பதையும் கேளுங்கள். அது அடுத்த நிலையத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டதென்றால் பொறுத்திருக்கலாம்.

இரண்டாவது பெரிய காரணம் யானைகள். ஹபரணை, கல்லோயா, மின்னேரியாப் பகுதியில் பாதை ஹுருலு வனத்தையும் மின்னேரியா, கவுடுல்ல தேசியப் பூங்காக்களையும் அண்டிச் செல்கின்றது. யானைகள் காட்டுக்கும் குளத்துக்கும் இடையே அதைக் கடந்தே நடமாடுகின்றன. 2024 ஒக்டோபரில் மின்னேரியாவுக்கு அருகே எரிபொருள் வண்டி யானைகளுடன் மோதித் தடம்புரண்டது. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி விடியுமுன் ஹபரணைப் பகுதியில் பயணிகள் வண்டியொன்று யானைக் கூட்டத்துடன் மோதியதில், குட்டிகள் உட்பட ஆறு யானைகள் இறந்தன. அந்த வண்டியும் தடம்புரண்டது. பாரம் நிறைந்த வண்டியொன்று தடை போட்டவுடன் நின்றுவிடாது. இருளில், வளைவில், விளக்கொளி எட்டும் தூரத்துக்குள் அதை நிறுத்துவதற்கு மெதுவாக ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எனவே இப்பகுதியில் வேகக் கட்டுப்பாட்டினால் ஏற்படும் தாமதத்தை நான் குறையாகக் கருதவில்லை. அந்த நேரம் யானைகளுக்கும், உறங்கிக்கொண்டிருக்கும் பயணிகளுக்கும் கொடுக்கப்படுகின்ற நேரம். நேர அட்டவணை அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கோரிக்கை.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பாதையோரம் நீரில் மூழ்கி மண் இளகும்போது வண்டிகள் ஊர்ந்தே செல்லும், சில நாட்களில் ஓடவே மாட்டா. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது நாட்டின் இருப்புப்பாதைகள் பல இடங்களில் சிதைந்து சேவைகள் நின்றதை அனைவரும் அறிவர். கடும் வெயிலில் தண்டவாளம் விரிவதாலும் வேகம் குறைக்கப்படுகிறது. பழைய இயந்திரங்கள் பழுதடைவதும், பணிப்புறக்கணிப்பும், தண்டவாளத்தில் மாடுகள் படுத்திருப்பதும் எஞ்சியவை. இவற்றுள் இயந்திரப் பழுதுதான் பயணியை மிகவும் வருத்துவது. மாற்று இயந்திரம் தூர நிலையமொன்றிலிருந்து அதே ஒற்றைப் பாதையில் வர வேண்டியிருப்பதால், அச்செய்தி கேட்டவுடன் மாற்று வழியை நாடுவதே நல்லது.

கொழும்பு செல்வோருக்கு இருக்கும் மாற்று வழி ஏ6 வீதி. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் இவ்வீதியில் ஓடுகின்றன. வண்டி குறித்த நேரத்துக்கு ஓடும் நாட்களிலும் பேருந்து பெரும்பாலும் முந்திவிடும். ஆனால் முதியவர்களையும் நோயாளிகளையும் அழைத்துச் செல்வோர் கழிப்பறை வசதியும் காலை நீட்ட இடமும் உள்ள புகையிரதத்தை விரும்புவது நியாயமே. கொழும்பில் காலையில் வைத்தியப் பரிசோதனையோ நேர்முகத் தேர்வோ இருந்தால், இரவுத் தபால் வண்டி நேரத்துக்குச் சேரும் என்று கணக்கிடாமல் முதல் நாள் பகலிலேயே புறப்பட்டுவிடுங்கள். ஓர் இரவு உறவினர் வீட்டில் தங்கும் சிரமம், மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற திகதியை இழப்பதை விடச் சிறியது.

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டால் எங்கே இறங்கலாம் என்பதையும் மனதில் வைத்திருங்கள். கொழும்பிலிருந்து வரும்போது குருநாகல் மிகச் சிறந்த இடம். நிலையத்திலிருந்து முச்சக்கர வண்டியில் பேருந்து நிலையம் சென்றால் திருகோணமலைக்கான பேருந்தைப் பிடிக்கலாம். குருநாகலுக்குப் பின் இருப்புப்பாதை மாகோ பக்கமாகவும் ஏ6 வீதி தம்புள்ளை பக்கமாகவும் விலகிப் போய் ஹபரணையில்தான் மீண்டும் நெருங்குகின்றன. ஆகையால் வண்டி குருநாகலை அடையும்போதே நெடுநேரம் பிந்தியிருந்து, முன்னால் பாதை தடைப்பட்டிருப்பதாகவும் அறிந்தால், இறங்குவதா இல்லையா என்பதை அங்கேயே முடிவு செய்ய வேண்டும். இடையில் கெக்கிராவை ஏ9 வீதியில் இருப்பதால், அங்கிருந்து தம்புள்ளைக்குப் பேருந்தில் சென்று திருகோணமலைப் பேருந்துக்கு மாறலாம். கல்லோயாவுக்கு இப்பால் தடைப்பட்டால் கந்தளாய் நிலையமே பயன்படும். ஆனால் இரவில் ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே வண்டி நின்றால், பெட்டியை விட்டு இறங்கி வீதியைத் தேடி நடக்க வேண்டாம்; அது யானைகளின் வழித்தடம்.

கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம் ஆகிய இடங்களிலிருந்து நகரத்துக்கு நாளாந்தம் வேலைக்கும் பாடசாலைக்கும் வருவோரின் நிலை வேறு. இக்கிளைப்பாதையில் ஒரு நாளில் ஓடும் வண்டிகள் மிகச் சில என்பதால் ஒன்று தவறினால் அடுத்தது என்ற பேச்சுக்கு இடமில்லை. பருவச்சீட்டு வாங்கியவர்களும் பேருந்துக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைப்பது அவசியம். ஒரே வேலைத்தலத்துக்குச் செல்லும் நால்வர் ஐவர், வண்டி கல்லோயாவைக் கடந்ததா என்று கந்தளாயில் ஏறுபவரிடம் தொலைபேசியில் கேட்டறிந்து, இல்லையென்றால் பேருந்தில் ஏறிவிடுவதென்று முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். கிண்ணியாவிலிருந்து கொழும்புப் பக்கம் செல்வோர், 2009 இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து சீனக்குடாவில் வண்டி ஏறினால் நகரத்துக்குள் வந்து திரும்பும் நேரம் மிச்சமாகும். தாம் செல்லும் வண்டி அங்கே நிற்குமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ செல்வோர் மாகோ வரை இறங்கி மீண்டும் வடக்கே ஏறும் புகையிரதச் சுற்றைத் தவிர்த்து, ஹொரவப்பொத்தானை வழிப் பேருந்தையே நாடலாம். மட்டக்களப்புக்கும் அவ்வாறே: இருப்புப்பாதை கல்லோயாவில் வண்டி மாறிப் பொலன்னறுவையைச் சுற்றிப் போக, ஏ15 வீதி மூதூர், வாகரை வழியாகக் கரையோரமாகவே செல்கின்றது. கல்லோயாவில் மாற வேண்டிய பயணத்தை மேற்கொள்வோர், இணைப்பு வண்டி தமக்காகக் காத்திருக்குமா என்பதைச் சீட்டு வாங்கும்போதே நிலைய அதிபரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். காத்திருக்காது என்று தெரிந்தால் அந்தச் சீட்டை வாங்காமலே பேருந்து நிலையத்துக்குச் செல்லலாம்.