நீலத் திரையை நிற்க வைப்பது எப்படி?

அக்காவின் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர் போன மாதம் தினமும் இரண்டு தடவையாவது தானாக ரீஸ்டார்ட் ஆனது. "நீலமா ஏதோ வருதுடா, படிக்கிறதுக்குள்ள போயிடுது" என்றாள். விண்டோஸ் கிராஷ் ஆகும்போது, அதாவது கோளாறால் திடீரென நின்றுபோகும்போது, வரும் திரை அது. விண்டோஸ் 10, 11 இரண்டுமே, கிராஷ் ஆனால் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் வருகின்றன. ஆள் இல்லாத நேரத்தில் அது நல்லது. ஆனால் கோளாறைத் தேடும்போது அதை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஸ்டார்ட் மெனுவில் 'வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறங்கள். அங்கே மூன்று செட்டிங்ஸ் பட்டன்கள் இருக்கும். கடைசியில் உள்ள 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி'க்கு உரியதை அழுத்தி, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள். அதற்கு மேலே, நடந்ததை லாக்கில் (விண்டோஸின் பதிவேட்டில்) எழுதச் சொல்லும் டிக் ஒன்று இருக்கும். அதில் கை வைக்காதீர்கள்.

மறுநாள் மதியம் மறுபடி கிராஷ். இந்தத் தடவை நீலத் திரையில் ஓடும் சதவீதக் கணக்கு 100 வந்தும் திரை அப்படியே நின்றது. அக்கா போனில் படம் எடுத்து அனுப்பினாள். கீழே ஸ்டாப் கோட், அதாவது என்ன கோளாறு என்று சொல்லும் பெயர்: 'மெமரி மேனேஜ்மென்ட்'. மெமரி என்றதும் ரேம் மேல் சந்தேகம் வந்தது. (விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் திரை கறுப்பாக வரும், கோட் அதிலும் இருக்கும்.) பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்கச் சொன்னேன். சாயங்காலம் போய், இரண்டு ரேமில் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு விண்டோஸிலேயே இருக்கும் ரேம் சோதனையான 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' ஓட்டினேன். பிறகு மாற்றிப் போட்டு ஓட்டினேன். இரண்டாவதில்தான் பிழை காட்டியது. புது ரேம் போட்ட பிறகு கிராஷ் இல்லை.

விண்டோஸுக்குள்ளேயே போக முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தால்? ரிப்பேர் திரை வந்ததும் 'ட்ரபுள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ்' என்று போய் ரீஸ்டார்ட் கொடுங்கள். வரும் பட்டியலில் 9-ஐ அழுத்தினால் அந்த ஒரு தடவைக்கு மட்டும் ரீஸ்டார்ட் நிற்கும்.

வேலை முடிந்ததும் டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அக்கா சாப்பிட வீட்டுக்குப் போகும்போது மற்ற இரண்டு லேப்டாப்பும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பிரிண்ட் எடுக்கின்றன.

அப்புறம், கரண்ட் போய் வந்தால் இந்த டிக் உதவாது. அதற்கு பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸில்) 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' மாதிரி ஒரு வரி இருக்கும், பெயர் மதர்போர்டுக்கு மதர்போர்டு மாறும். அதை 'பவர் ஆன்' என்று வைத்தேன், மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். தானாக ஆன் ஆனது.