பக்கெற்றைத் திருப்பிப் பிடியுங்கள்: உணவு லேபல் வாசிக்கும் முறை

"இயற்கை", "சக்தி தரும்", "சீனி சேர்க்கப்படவில்லை" எல்லாம் முன்பக்கத்தில்தான் இருக்கும். அது விற்கிற பக்கம். வாங்குகிறவர் வாசிக்க வேண்டியது பின்பக்கம். வெள்ளவத்தையில் எந்தக் கடையிலும் கிடைக்கிற குரக்கன் பிஸ்கற் ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள்.

1. உள்ளடக்கப் பட்டியல். எடை கூடியது முதலில், குறைந்தது கடைசியில். "கோதுமை மா, சீனி, மரக்கறி எண்ணெய், குரக்கன் மா" என்று போனால் அது கோதுமை பிஸ்கற்தான், குரக்கன் பெயருக்கு. பக்கத்தில் சதவீதம் போட்டிருந்தால் இன்னும் தெளிவு. சீனியும் ஒரே பெயரில் வராது. குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், பழச்சாறுச் செறிவு என்று பிரிந்து பட்டியலில் கீழே இறங்கிவிடும். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள்.

2. போசணை அட்டவணை. இரண்டு பொருட்களை ஒப்பிட 100 கிராமுக்கான நிரலை மட்டும் பாருங்கள். "ஒரு தடவைக்கு" என்ற நிரல் இரண்டு பிஸ்கற்றுக்குக் கணக்குப் போட்டிருக்கலாம். தேத்தண்ணியோடு இரண்டுடன் நிறுத்துகிறவர் யார்?

3. நிற வட்டம். பலரும் ஏமாறுவது இங்கேதான். இலங்கையில் 2016 முதல் மென்பானங்களுக்குச் சீனி நிறக் குறியீடு உண்டு: 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை, 11 வரை செம்மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. நிறம் 100 மில்லிலீற்றருக்கு, நீங்கள் குடிப்பதோ முழுப் போத்தல். 9 கிராம் என்று செம்மஞ்சள் வட்டம் போட்ட 400 மில்லிலீற்றர் போத்தலில் 36 கிராம் சீனி, அதாவது ஒன்பது தேக்கரண்டி. வளர்ந்தவருக்கு நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25க்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பழச்சாற்றின் சொந்தச் சீனியும் இந்தக் கணக்கில் சேரும். "சீனி சேர்க்கப்படவில்லை" என்பதால் தப்ப முடியாது.

நீரிழிவு உள்ளவர்கள் "சீனி" வரியோடு நிற்கக் கூடாது. மோல்டோடெக்ஸ்ட்ரின் (மாப்பொருளில் இருந்து செய்யும் தூள்) அந்த வரியில் வராது, ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸை வேகமாக ஏற்றும். மொத்தக் காபோவைதரேற்றைப் பாருங்கள்.

4. உப்பு. சோடியம் மட்டும் இருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள். நூடில்ஸ் பக்கெற்றில் 1,000 மில்லிகிராம் சோடியம் என்றால் 2.5 கிராம் உப்பு; நாளுக்கு 5 கிராமுக்குள் என்ற அளவில் அரைவாசி. பெரும்பகுதி மசாலாத் தூளில்தான், அதில் பாதியைப் போட்டாலே நன்றாகக் குறையும்.

5. "கொலஸ்ட்ரோல் இல்லை". தாவர எண்ணெய் எதிலும் அது கணக்கில் எடுக்கும் அளவுக்கு இராது. தேங்காய் எண்ணெய்க்கும் இது பொருந்தும். ஆனால் தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பு. அதுவும் இரத்தத்தில் கொலஸ்ட்ரோலைக் கூட்டும். "நிரம்பிய கொழுப்பு" என்ற வரியைத் தேடுங்கள். லேபலில் இல்லையென்றால் அதே விலையில் அதைப் போட்டிருக்கும் இன்னொன்றை எடுங்கள்.

"நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதிய சாப்பாட்டுப் பொருள் கண்ணில் பட்டால் பில்லையும் பக்கெற்றையும் எடுத்துப்போய் உங்கள் பகுதி பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.