பூட்டனார் உழுத நிலம்: பழைய பதிவேடுகளில் ஒரு விவசாயியைத் தேடும் வழி

பூட்டனாரின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடினால் சீக்கிரமே வழி அடைபடும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் "ராமசாமி மகன் முத்துசாமி", "முத்துசாமி மகன் ராமசாமி" என்று இரண்டே பெயர்கள் நூறு வருஷத்துக்கு மாறி மாறி வரும். பங்காளி வீடுகளிலும் அதே பெயர்கள்தான். நிலம் இடம் மாறாது. சர்வே எண்ணைப் பிடித்துவிட்டால், அதில் யார் பெயர் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். தமிழ்நாட்டில் விவசாய முன்னோரைத் தேடுகிறவர்கள் முதலில் நிலத்தைத் தேட வேண்டும் என்பது இதனால்தான்.

முதல் வேலை வீட்டு டிரங்குப் பெட்டியில். தீர்வை (நிலவரி) ரசீதில் பட்டா எண்ணும் பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டும் இருக்கும். பழைய ஜாதகத்தில் தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரத்தோடு பிறப்பு இருக்கும். பிறப்புச் சான்றே இல்லாத தலைமுறைக்குப் பல நேரம் அது ஒன்றுதான் ஆதாரம். கல்யாண மொய் நோட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சம்பந்தி ஊர், தாய்மாமன் ஊர், பங்காளிகள் யார் யார் என்பது ஊர்ப் பெயரோடு எழுதியிருக்கும் ஏடு அது. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டும் அப்படியே. எல்லாவற்றையும் படம் எடுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பத்திரத்தின் பின்பக்கத்தில்தான் பதிவு எண், புத்தக எண், தொகுதி, பக்கம், சார்பதிவாளர் அலுவலக முத்திரை எல்லாம் இருக்கும்.

அடுத்தது வருவாய்த்துறை. இன்றைய சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டை, அதாவது சர்வே எண் வாரியாக நில விவரமும் உடைமையாளர் பெயரும் உள்ள கிராமக் கணக்கை, எடுங்கள். அரசு இணையச் சேவையிலேயே பார்க்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யுடிஆரில், உட்பிரிவுகள் மாறின, ஏக்கர்-சென்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர்ஸ் ஆனது. 1 ஏர்ஸ் என்பது 2.47 சென்ட். தாலுகா அலுவலகத்தில் உள்ள யுடிஆர் 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்றே, அதாவது பழைய சர்வே எண்ணுக்கென்றே, ஒரு கலம் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டுதான் அதற்கு முந்தைய, நிலத்துக்குத் தீர்வை விதித்தபோது எழுதிய செட்டில்மென்ட் பதிவேட்டுக்குப் போக வேண்டும். இன்றைய எண்ணோடு நேராகப் போனால் வேறொருவர் நிலத்தின் வரலாற்றை உங்கள் குடும்பத்தினுடையது என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

செட்டில்மென்ட் பதிவேட்டில் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். நஞ்சையா புஞ்சையா, மண் வயனமும் ரகமும் (மண்ணின் வகை), தரம், தீர்வை எவ்வளவு என்பதெல்லாம் ஒரே வரியில் இருக்கும். அந்த வரியை நிதானமாகப் படித்தால் மனிதரின் பிழைப்பு தெரியும்: ஏரிப்பாசனத்தில் முக்கால் ஏக்கர் நஞ்சையும், கீழ்த்தரமான நாலு ஏக்கர் மானாவாரிப் புஞ்சையும் வைத்திருந்தவர் மழையை நம்பியே பெரும்பகுதி வருஷத்தை ஓட்டியிருப்பார். எந்தப் போகத்தில் என்ன பயிர் என்பது கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில்தான் இருக்கும். பழைய அடங்கல்கள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அவை நிரந்தரமாக வைக்கப்படும் கணக்கு அல்ல. பதிவேட்டைக் காட்டத் தயங்கினால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். "என் முன்னோர் பற்றிய விவரம்" என்று எழுதினால் மனு திரும்பி வரும். கிராமம், பழைய புல எண், பதிவேட்டின் பெயர் இந்த மூன்றையும் எழுதி நகல் கேளுங்கள்.

மனிதரின் குரல் கேட்பது பத்திரத்தில். இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975க்குப் பிந்தையது. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்து தேட வேண்டும். அட்டவணைகள் இரண்டு: ஒன்று பெயர் வாரியாக, மற்றது சொத்து வாரியாக. சொத்து அட்டவணையில் தொடங்குங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் 1ஆம் புத்தகத்தின் நகலை யாரும் பெறலாம். உயில்கள் இருக்கும் 3ஆம் புத்தகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. அலுவலக எல்லைகள் பலமுறை மாறியிருப்பதால், அந்தக் காலத்தில் உங்கள் கிராமம் எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் அன்று இல்லை. ஆகவே பத்திரம் இல்லை என்பதால் விற்பனையே நடக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பத்திரத்தில் தகப்பனார் பெயர், சாதி, ஜீவனம், பிதிரார்ஜிதமா சுயார்ஜிதமா (முன்னோர் சொத்தா, தானே சம்பாதித்ததா), ஏன் விற்கிறார் என்பதெல்லாம் வரும். நிலத்தை ஈடுவைத்து ஒத்திக் கடன் வாங்கி மூன்றாம் வருஷம் கிரயம் எழுதிக்கொடுத்திருந்தால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். நான்கெல்லையைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். வடக்கே, கிழக்கே என்று குறிப்பிடப்படும் நிலத்துக்காரர்கள் பல நேரம் அண்ணன் தம்பிகளாகவே இருப்பார்கள். பதியப்படாத பழைய பாகப்பிரிவினை அங்கேதான் வெளிப்படும். "ஷை" என்று வந்தால் "மேற்படி" என்று பொருள்.

தேதியில்தான் அதிகம் தடுமாறுவார்கள். பசலி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில வருஷம் கிடைக்கும். பசலி 1350 என்றால் 1940 ஜூலை முதல் 1941 ஜூன் வரை. தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். "பிரபவ" என்பது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். தென்கோடியில் மலையாளக் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, அதன்பின் 825 கூட்டுங்கள். அளவுகளும் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு. டெல்டாவில் 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 3 மா ஒரு ஏக்கர். வடக்கே ஒரு காணி 1.32 ஏக்கர்.

பட்டாவில் பெயர் இருப்பதால் அப்போது அவர் உயிரோடு இருந்தார் என்று எண்ணாதீர்கள். இறந்து நாற்பது வருஷம் ஆனவர் பெயரிலேயே பட்டா ஓடியிருக்கும். "காலஞ்சென்ற" என்ற சொல் முதலில் வரும் பத்திரமும், அவர் கையெழுத்தோ கைநாட்டோ கடைசியாக உள்ள பத்திரமும்தான் இறப்புக் காலத்தின் இரு எல்லைகள். பழைய பிறப்புப் பதிவில் பிள்ளையின் பெயர் இராமல் "ஆண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரைக் கொண்டு தேடுங்கள். பாகப்பிரிவினையில் மகன்கள் மட்டும் இருந்தால் மகள்களே பிறக்கவில்லை என்று வம்சாவளியில் எழுதிவிடாதீர்கள். 1989 சட்டத்திருத்தத்துக்கு முன் மகளுக்குப் பிதிரார்ஜிதத்தில் பிறப்புரிமைப் பங்கு இல்லாததால் அவள் பெயர் விடுபட்டிருக்கும். அவளை மொய் நோட்டில் தேடுங்கள்.

ஜமீன் கிராமம் என்றால் அரசுப் பதிவேடு பெரும்பாலும் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்தான் கிடைக்கும். அதற்கு முன் ஜமீன் கொடுத்த பட்டாவும் குடியானவர் எழுதிக்கொடுத்த முச்சிலிக்காவும் (ஒப்புதல் பத்திரம்)தான்.

சொந்த நிலமே இல்லாத உழவர்கள்தான் ஏராளம். குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்குக்கு) உழுதவர் பெயர் பட்டாவில் வராது. 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தொடங்கப்பட்ட பதிவேட்டில் தேடுங்கள். உழவர் பெயர், நிலச்சொந்தக்காரர் பெயர் இரண்டும் சேர்ந்து இருக்கும். கோயில் நிலம் உழுதவர் என்றால் அந்தக் கோயிலின் குத்தகைக் கணக்கைக் கேளுங்கள். பட்டியல் சாதிக் குடும்பமானால் செட்டில்மென்ட் பதிவேட்டின் குறிப்புக் கலத்தைத் தவறாமல் பாருங்கள். 1892 அரசாணையின்படி கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலம் என்றால் நிபந்தனை ஒப்படை (நிபந்தனையோடு அரசு கொடுத்தது) என்ற குறிப்பு அங்கே இருக்கக்கூடும். யுடிஆரில் அந்தக் குறிப்பு விடுபட்டு வேறு பெயர் ஏறியிருந்தால், இரண்டு பதிவேடுகளின் சான்றிட்ட நகலையும் சேர்த்தே வாங்கி வையுங்கள்.