ஐரிஷ் முன்னோரைத் தேட முதலில் நிலப் பதிவு

ஐரிஷ் முன்னோரின் ஞானஸ்நானப் பதிவு வேண்டுமென்றால் நேரே தேவாலய ஏடுகளில் இறங்காதீர்கள். முதலில் கிரிஃபித் நில மதிப்பீட்டில் (யார் எந்த ஊரில் நிலமோ வீடோ வைத்திருந்தார் என்று வரிக்காக எடுத்த அரசுப் பட்டியல், 1847–1864) குடும்பப் பெயரைப் போட்டு ஊரைப் பிடியுங்கள், இணையத்தில் இலவசம்.

அயர்லாந்து தேசிய நூலகத் தளத்திலுள்ள கத்தோலிக்கப் பங்கு ஏடுகளும் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) இலவசம்தான். ஆனால் அவை வெறும் படங்கள், அங்கே பெயர் போட்டுத் தேட முடியாது. எந்தப் பங்கு என்று தெரிந்தால்தான் புரட்டவே முடியும். மதிப்பீட்டில் வரும் பங்கும் (அது அரசு நிர்வாகப் பிரிவு) கத்தோலிக்கப் பங்கும் பல இடங்களில் வேறு வேறு, கவனம். பல ஏடுகள் லத்தீனில் வேறு: ஜேம்ஸ் அங்கே 'யாக்கோபுஸ்'!

குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே மதிப்பீட்டில் உண்டு. அடுத்தவர் வீட்டில் தங்கி வேலை பார்த்தவர்களுக்கு இது உதவாது. 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கப்பலேறியவர்கள் மதிப்பீட்டுக்கு முன்பே போயிருக்கலாம்; அவர்களுக்கு 1823–1837 தசமபாக ஏடுகளை (தேவாலய வரிக்காக நிலம் வைத்திருந்தவர்களைப் பதிந்தவை) பாருங்கள்.